சிறுதேரும் ஆலைத்தளமும்
காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடும் பெரும்பாணாற்றுப்படையில், தச்சர் வீட்டுச் சிறுவரும் விரும்பும்படி செய்யப்பட்ட, ஏறிச் செல்ல முடியாத தேரை உருட்டிக் களைத்த குழந்தைகள் செவிலியரிடம் பாலுண்டு உறங்கும் காட்சியைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் தீட்டியுள்ளார். பிற்காலப் பிள்ளைத்தமிழ், ஆண்குழந்தையின் பத்துப் பருவங்களுள் சிறுதேரையே இறுதியாக வைத்து, அதனோடு விளையாட்டின் எல்லையை வரைந்தது.

இளந்திரையன் ஆண்ட அதே தொண்டை நாட்டில், இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை 1998-இலும் ஒரகடத்தில் ரெனோ–நிசான் ஆலை 2010-இலும் இயங்கத் தொடங்கியபோது, உழைப்பவரின் ஒவ்வோர் அசைவையும் நொடிக்கணக்கில் வரையறுக்கும் தொடர் பொருத்துமுறை அங்கு வேரூன்றியது. இவ்வேலை கற்பனையை வற்றச் செய்யும் என்ற குற்றச்சாட்டு பெரும்பகுதி உண்மையே. ஆயினும், தொழிலாளரே தம் வேலைமுறையைச் சிறிது சிறிதாகத் திருத்தும் ‘கைசன்’ முறை, டொயோட்டா 1951-இல் தொடங்கிய ஆலோசனைத் திட்டத்தால் வலுப்பெற்று உலகின் வாகன ஆலைகளில் பரவியது. அதனைச் செலவுக் குறைப்பாக மட்டும் எண்ணுவது, அதில் வெளிப்படும் படைப்பாற்றலைச் சிறுமைப்படுத்துவதாகும். அதன் கிளையான ‘கரக்குரி’, ஜப்பானின் எடோ காலத்தில் (1603–1868) தேநீர்க் கிண்ணம் ஏந்தி நகர்ந்த விசைப்பொம்மைகளின் பெயரைப் பெற்றது. எடை, சரிவு, நெம்புகோல், சுருள்வில் ஆகியவற்றால் மின்சாரமின்றிப் பாகப்பெட்டிகளை நகர்த்தும் இவ்வமைப்புகளை, அப்பெட்டிகளைக் குனிந்து தூக்கி முதுகு நொந்தவர்களே பெரும்பாலும் உருவாக்குகின்றனர்.