பொன் புத்தரும் திருவரங்கத்து மதிலும்

அரச ஆதரவு பெற்ற சமயம் பிற சமயங்களை ஒடுக்கும் வழிகள் இரண்டு. ஒன்று அழித்தல், மற்றொன்று, பெயரை மாற்றித் தன்னுள் செரித்துக்கொள்ளுதல். தமிழகப் பௌத்தம் இரண்டையும் கண்டது.

திருமங்கையாழ்வார் நாகப்பட்டினத்துப் பொன் புத்தர் சிலையைக் கவர்ந்து, உருக்கி, திருவரங்கக் கோயிலின் மதில் திருப்பணிக்குச் செலவிட்டார் என்று வைணவக் குருபரம்பரைக் கதைகள் கூறுகின்றன. இது பக்திக் கதை. வரலாற்றுச் சான்றாக இதனை நாம் முன்வைக்கவில்லை. ஆயினும், பிறர் வழிபட்ட உருவை உருக்குவதைத் திருப்பணியாகப் போற்றிய மனநிலைக்கு இதுவே சாட்சி.

நாகையில் பௌத்தம் தழைத்தது கதையன்று. ஸ்ரீவிஜய மன்னர் எழுப்பிய சூடாமணி விகாரைக்கு முதலாம் இராசராசன் ஆனைமங்கலம் என்னும் ஊரை வழங்கியதை லெய்டன் செப்பேடு பதிவு செய்துள்ளது. அங்கே எஞ்சி நின்ற பௌத்தக் கோபுரம் 1867இல் பிரித்தானிய அரசின் இசைவோடு இடிக்கப்பட்டது. மண்ணுக்குள்ளிருந்து 350 அளவிலான பௌத்தப் படிமங்கள் வெளிப்பட்டன.

செரித்துக்கொண்டதற்குச் சேலம் சான்று. அங்கே 'தலைவெட்டி முனியப்பன்' என்று வணங்கப்பட்ட சிலை புத்தருடையதே எனத் தொல்லியல் துறை அறிக்கை அளித்தது. அதனை ஏற்ற சென்னை உயர் நீதிமன்றம், 2022 சூலையில், அச்சிலையை முனியப்பனாகத் தொடர்ந்து வழிபட விடுவது முறையன்று எனத் தீர்ப்பளித்து, அவ்விடத்தை இந்து சமய அறநிலையத் துறையிடமிருந்து தொல்லியல் துறையின் பொறுப்பில் ஒப்படைக்க ஆணையிட்டது.

இது நமக்கு ஏன் முக்கியம்? 1898இல் பௌத்தம் தழுவிய அயோத்திதாசப் பண்டிதர், பறையர் என இழிக்கப்பட்டோர் பூர்வ பௌத்தரே என்றார். தீண்டப்படாதோர் குறித்து 1948இல் வெளிவந்த நூலில் அம்பேத்கரும் தீண்டாமையின் வேரைப் பௌத்தர் மீதான பகையோடு இணைத்தார். இக்கருதுகோள்களை வரலாற்றறிஞர் சிலர் ஏற்பதில்லை. எனினும், சான்றுகள் வேறு பெயரில் மறைந்துகிடக்கும்வரை அவ்விவாதம் நேர்மையாக நடைபெற இயலாது.

எந்த மதிலையும் இடிக்கக் கோருவது நம் நோக்கமன்று. 1947 ஆகஸ்ட் 15இல் வழிபாட்டிடங்களுக்கு இருந்த சமயத் தன்மையை மாற்றுவதை 1991ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. சிறுபான்மையினருக்குக் காப்பாக நிற்கும் அச்சட்டத்தை நாம் ஆதரிக்கிறோம். நாம் கோருவது சரியான பெயர். ஊர்தோறும் வேறு பெயரில் வழிபடப்படும் பழஞ்சிலைகளைத் தொல்லியல் துறை ஆய்ந்து, அறிக்கையை வெளியிட வேண்டும். சேலத்தில் ஒரு வழக்கால் இயன்றது, அரசாணை ஒன்றால் மாநிலம் முழுவதும் இயலும்.