மருத்துவ விடுவிப்பும் படைப் பதிவேட்டுத் திருத்தமும் (அமெரிக்கா)

அமெரிக்க ஆயுதப் படைகளிலிருந்து உடல்நலக் காரணத்தால் விடுவிக்கப்பட்டவர், தம் விடுவிப்புப் பதிவில் பிழையோ அநீதியோ இருப்பதாகக் கருதினால் அதைத் திருத்தும்படி விண்ணப்பிக்கலாம். அதற்கான நடைமுறையே இக்கட்டுரையின் பொருள். அந்நாட்டுக் கூட்டரசுச் சட்டத் தொகுப்பின் 10ஆம் தலைப்பு, 1552ஆம் பிரிவு இதற்கு அடிப்படை. அந்தந்தப் படைத் துறையின் செயலர், குடிமக்களைக் கொண்ட வாரியம் ஒன்றின் மூலம் எந்தப் படைப் பதிவையும் திருத்த இப்பிரிவு அதிகாரம் தருகிறது. விதிப்படியே நடந்த முடிவானாலும், நியாயமற்றதாகத் தெரிந்தால் வாரியம் அதில் கைவைக்கலாம்.

விடுவிப்புச் சான்று

திருத்தம் கேட்பவர்களின் கண் முதலில் போய் நிற்பது டி.டி. 214 என்னும் படிவத்தில்தான். 1950 முதல் வழக்கில் இருக்கும் இந்தப் படிவத்தின் அடிப்பகுதிதான் முக்கியம். 24ஆம் கட்டத்தில் பணியின் தன்மை இருக்கும்: மதிப்புக்குரியது, பொதுவகை, அதற்குக் கீழானவை என்று. 25இல் எந்த விதியின்கீழ் விடுவிக்கப்பட்டார் என்பதும், 26இல் மூன்றெழுத்துக் குறியீடும், 27இல் மீண்டும் படையில் சேரத் தகுதி உண்டா என்பதும், 28இல் காரணமும் இருக்கும். இந்த விவரங்கள் இல்லாத குறும்படி ஒன்றும் தருவார்கள். ஆனால் சலுகை வழங்கும் அலுவலகங்களும் வேலை தருபவர்களும் முழுப்படியைத்தான் கேட்கிறார்கள்.

மருத்துவக் காரணத்தால் போனவர்களில் பெரும்பாலோருக்கு 24ஆம் கட்டத்தில் குறை இராது. மதிப்புக்குரிய விடுவிப்பு என்றே இருக்கும். வழக்கெல்லாம் 26லும் 28லும்தான். ஜே.எஃப்.எல். என்றால் இழப்பீட்டுத் தொகையோடு இயலாமை விடுவிப்பு, எஸ்.எஃப்.ஜே. என்றால் நிரந்தர இயலாமை ஓய்வு, ஜே.எஃப்.எக்ஸ். என்றால் ஆளுமைக் கோளாறு. வாழ்நாள் முழுவதும் ஒருவருக்குக் கிடைக்கப்போவது என்ன என்பதை இந்த மூன்றெழுத்துகள் முடிவு செய்துவிடுகின்றன.

தேதி தவறியது, பதக்கம் விடுபட்டது போன்ற எழுத்தர் பிழைகளுக்கு வாரியம் வரை போக வேண்டியதில்லை. படைத் துறையின் பதிவுப் பிரிவே டி.டி. 215 என்ற திருத்தத் தாளை வழங்கிவிடும்.

30 விழுக்காட்டுக் கோடு

நோயுற்ற அல்லது காயமுற்ற வீரரின் கோப்பு முதலில் மருத்துவ மதிப்பீட்டு வாரியத்துக்கும், அங்கிருந்து உடற்தகுதி மதிப்பீட்டு வாரியத்துக்கும் செல்லும். இவர் தம் பணியைச் செய்யத் தகுதியுள்ளவரா, இல்லையென்றால் இயலாமை எத்தனை விழுக்காடு என்பவை இரண்டாவது வாரியம் தீர்க்கும் கேள்விகள். 2007இல் சோதனை முறையில் தொடங்கிய ஒருங்கிணைந்த ஏற்பாட்டின்படி இப்போது விழுக்காட்டைக் கணிப்பது முன்னாள் படைவீரர் நலத்துறை. தகுதியின்மையைத் தீர்மானிக்கும் பொறுப்பு மட்டும் படையிடமே இருக்கிறது.

20 ஆண்டு பணி முடிக்காதவருக்கு 30 விழுக்காடும் அதற்கு மேலும் கிடைத்தால் அது இயலாமை ஓய்வு: மாத ஓய்வூதியம், குடும்பத்துக்கும் சேர்த்து டிரைகேர் மருத்துவக் காப்பீடு, ஓய்வுபெற்றோர் அடையாள அட்டை. 20 விழுக்காடும் அதற்குக் கீழும் என்றால் ஒரே தடவையில் ஒரு தொகை கொடுத்து அனுப்பிவிடுவார்கள். பணியாண்டு ஒன்றுக்கு இரண்டு மாத அடிப்படைச் சம்பளம் என்பது அந்தத் தொகையின் கணக்கு. பத்து ஆண்டு பணி, மாதம் 3,000 டாலர் அடிப்படைச் சம்பளம் என்று வைத்துக்கொண்டால் கைக்கு வருவது 60,000 டாலர். அதே ஆள் 30 விழுக்காட்டில் ஓய்வு பெற்றிருந்தால் மாதம் சுமார் 900 டாலர், ஆயுள் உள்ளவரை. ஆறு ஆண்டுக்குள் அந்த 60,000த்தை எட்டிவிடலாம். இதில் மருத்துவக் காப்பீட்டைச் சேர்க்கவே இல்லை. முதுகெலும்பின் அசைவைக் கோணமானியால் அளக்கையில் சில பாகை கூடுவதும் குறைவதுமே 20க்கும் 40க்கும் இடைப்பட்ட வேறுபாடு என்னும்போது இந்தக் கோடு எத்தனை கூர்மையானது என்பது விளங்கும்.

விழுக்காட்டைக் குறைத்துப் போடுவது மட்டுமல்ல. பணிக்குத் தடையான நோய்களில் ஒன்றைக் கணக்கில் விட்டுவிடுவது, பணியில் வந்த நோயைப் படையில் சேரும் முன்பே இருந்தது என்று எழுதிவிடுவது, மருத்துவ வழியில் அனுப்ப வேண்டியவரை நிர்வாகக் காரணம் காட்டி அனுப்புவது ஆகியவையும் அடிக்கடி வரும் முறையீடுகள்.

வாரியங்கள்

1946 வரை இத்தகைய குறைகளைத் தீர்க்க ஒருவர் தம் தொகுதி உறுப்பினரைப் பிடித்து, காங்கிரஸில் தமக்கென்று தனி மசோதா கொண்டுவரச் செய்ய வேண்டியிருந்தது. மசோதாக்கள் குவிந்து சலித்துப்போன காங்கிரஸ், அவ்வாண்டின் சட்டமன்றச் சீரமைப்புச் சட்டத்தில் அந்த வழியை அடைத்து, வேலையைத் துறைச் செயலர்களிடம் தள்ளிவிட்டது. தரைப்படைக்கும் வான்படைக்கும் தனித்தனி வாரியங்கள் உள்ளன. மரைன் படையினர் கடற்படை வாரியத்துக்கும், விண்வெளிப் படையினர் வான்படை வாரியத்துக்கும் விண்ணப்பிக்க வேண்டும். கடலோரக் காவற்படைக்கான வாரியம் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின்கீழ் இருக்கிறது.

இவற்றோடு 1944ஆம் ஆண்டுப் படைவீரர் மறுவாழ்வுச் சட்டத்தில் பிறந்த விடுவிப்பு மறுஆய்வு வாரியங்களைக் குழப்பிக்கொள்பவர்கள் பலர். அவை விடுவிக்கப்பட்ட 15 ஆண்டுக்குள் கேட்டால் பணியின் தன்மையை உயர்த்தித் தரும். ஆனால் நிர்வாக விடுவிப்பை இயலாமை ஓய்வாக மாற்றும் அதிகாரம் அவற்றுக்கு இல்லை. மருத்துவ விடுவிப்பு பற்றிய முறையீட்டுக்கு உரிய இடம் பதிவுத் திருத்த வாரியம், படிவம் டி.டி. 149. பிழை தெரியவந்த நாளிலிருந்து மூன்று ஆண்டு என்பது காலக்கெடு. நீதியின் பொருட்டு அதை வாரியம் தளர்த்தலாம், தளர்த்தியும் வருகிறது. பெரும்பாலும் தாள்களை வைத்தே முடிவு செய்வார்கள். நேரில் கேட்பது அரிது. பத்தில் ஒன்பது விண்ணப்பங்களைப் பத்து மாதத்துக்குள் முடிக்கச் சட்டம் சொல்கிறது.

வால்டர் ரீட் மருத்துவமனையில் காயமுற்றோர் படும் பாட்டை 2007 பிப்ரவரியில் வாஷிங்டன் போஸ்ட் வெளிப்படுத்தியபின், விழுக்காட்டை வேண்டுமென்றே குறைக்கிறார்கள் என்ற சந்தேகமும் வலுத்தது. அதன் விளைவாக உருவானது உடல் இயலாமை மறுஆய்வு வாரியம். 2001 செப்டம்பர் 11க்கும் 2009 டிசம்பர் 31க்கும் இடையில் 20 விழுக்காடோ அதற்குக் குறைவோ பெற்று வெளியேறியவர்களுக்கென்றே அமைந்தது அது. விழுக்காட்டை உயர்த்தவோ அப்படியே விடவோ செய்யுமே தவிர, குறைக்காது. அங்கே போனவர் அதே விஷயத்துக்காகத் திருத்த வாரியத்துக்குப் போக முடியாது.

சான்று

அதிகாரிகள் தம் கடமையை முறைப்படி செய்தார்கள் என்ற அனுமானத்தோடுதான் வாரியம் கோப்பைத் திறக்கிறது. அதை உடைப்பது விண்ணப்பதாரரின் பொறுப்பு. பலர் இங்கேதான் சறுக்குகிறார்கள். நலத்துறை பின்னாளில் தந்த 70 விழுக்காட்டுக் கடிதத்தை இணைத்துவிட்டால் போதும் என்று நம்புகிறார்கள். அந்தத் துறை, பணியோடு தொடர்புள்ள எல்லா நோய்களையும் சேர்த்துக் கணக்கிடும். நோய் முற்ற முற்ற விழுக்காட்டையும் ஏற்றும். படையின் கணக்கில் வருவதோ பணிக்குத் தடையாக இருந்த நோய்கள் மட்டும், அதுவும் வெளியேறிய நாளில் இருந்த நிலையில். ஆகவே எடுபடுவது அந்தக் காலத்துச் சான்றுதான்: வேலைக் கட்டுப்பாடு விதித்த மருத்துவக் குறிப்பு, மேலதிகாரி எழுதிய பணித்திறன் அறிக்கை, கூட இருந்த வீரர்களின் வாக்குமூலம்.

அந்தத் தாள்கள் இருக்குமிடம் செயின்ட் லூயிஸ் நகரின் தேசியப் பணியாளர் பதிவு மையம். 1973 ஜூலை 12இல் அங்கே மூண்ட தீயில் சுமார் 1.6 கோடி முதல் 1.8 கோடி வரையான கோப்புகள் அழிந்தன. 1912 நவம்பர் முதல் 1960 தொடக்கம் வரை வெளியேறிய தரைப்படையினரின் கோப்புகளில் 80 விழுக்காடு அதில் போயிற்று. நகல் எதுவும் எடுத்து வைக்கப்பட்டிருக்கவில்லை. அந்தத் தலைமுறையினர் சம்பளப் பட்டியல், மருத்துவமனைச் சேர்க்கைப் பதிவு என்று சுற்றி வளைத்துத்தான் தம் வழக்கை நிறுவ வேண்டியிருக்கிறது.

மனக்காயம்

ஈராக், ஆப்கானிஸ்தான் போர்க்காலத்தில் ஆளுமைக் கோளாறு என்று முத்திரை குத்தி ஆயிரக்கணக்கானோரை அனுப்பினார்கள். அது இயலாமை என்ற கணக்கில் வராது; எனவே ஓய்வூதியமும் இல்லை, இழப்பீடும் இல்லை. சேர்க்கும்போது நலமாக இருந்தவருக்குப் போருக்குப் பிறகு பிறவிக் குறை கண்டுபிடிக்கப்பட்டது விந்தைதான். இவர்களில் பலருக்கு இருந்தது பி.டி.எஸ்.டி. என்னும் பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனநோய்.

அந்நோய்க்காகவே விடுவிக்கப்பட்டவருக்குத் தொடக்கத்தில் குறைந்தது 50 விழுக்காடு தர வேண்டும் என்று நலத்துறை விதி சொல்கிறது. அதைப் படைத்துறை பின்பற்றவில்லை என்று 2008இல் தொடுத்த சாபோ கூட்டு வழக்கு 2011இல் சமரசமாக முடிந்து, ஆயிரத்துக்கும் மேற்பட்டோரின் பதிவுகள் திருந்தின. பாதுகாப்புச் செயலர் சக் ஹேகல் 2014 செப்டம்பர் 3இல் இட்ட குறிப்பாணை, பி.டி.எஸ்.டி. சார்ந்த விண்ணப்பங்களைத் தாராளமாக அணுகும்படி வாரியங்களைப் பணித்தது. 2017இல் வந்த கர்டா குறிப்பாணை மூளைக்காயம், பாலியல் வன்கொடுமை ஆகியவற்றுக்கும் அதை விரித்தது.

இந்தத் தாராளம் இயலாமை ஓய்வு கேட்பவருக்கும் உண்டா என்ற கேள்வி மிச்சமிருந்தது. 1967இல் 134 பேரைப் பலிகொண்ட ஃபாரஸ்டல் விமானந்தாங்கிக் கப்பல் தீவிபத்தை நேரில் கண்ட கடற்படை வீரர் ஒருவர், மறு ஆண்டே ஆளுமைக் கோளாறு என்று வெளியேற்றப்பட்டார். அவர் வழக்கில் கூட்டரசுச் சுற்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2023 ஜனவரியில் உண்டு என்றது. 2024 ஏப்ரலில் பாதுகாப்புத் துறை வெளியிட்ட குறிப்பாணையோ, விடுவிப்பின் தன்மைக்குத் தாராளம், உடற்தகுதிக் கேள்விக்கு வழக்கமான அளவுகோல் என்று விண்ணப்பத்தை இரண்டாகப் பிரித்துவிட்டது. நீதிமன்றம் திறந்த கதவைத் துறை பாதி சாத்தியது என்றே சொல்ல வேண்டும்.

தீர்ப்புக்குப் பின்

வாரியம் இசைந்தால், பழைய நாளிலேயே அவர் ஓய்வு பெற்றதாகப் பதிவை மாற்றி எழுதுவார்கள். அன்று முதல் ஓய்வூதியம் கணக்கிடப்படும். முன்பு கொடுத்த இழப்பீட்டுத் தொகை அதில் கழியும். நலத்துறை தந்துவரும் இயலாமைப் படியும் 20 ஆண்டு முடிக்காதவரின் ஓய்வூதியத்தில் டாலருக்கு டாலர் கழிக்கப்படும். போர்க்காயம் என்றால் தனிப்படி ஒன்றின் மூலம் அதில் ஒரு பங்கை மீட்கலாம். ஆகவே வென்றவர் பலருக்குப் பணமாக வருவது எதிர்பார்த்ததைவிடக் குறைவு. குடும்பத்துக்குக் கிடைக்கும் மருத்துவக் காப்பீடே பெரிய ஆதாயம்.

மறுத்தால், புதிய சான்று கிடைக்கும்போது மறுபரிசீலனை கேட்கலாம். ஓய்வூதியம் போன்ற பணக்கோரிக்கையை, முடிவு வந்த ஆறு ஆண்டுக்குள் கூட்டரசு உரிமைக்கோரிக்கை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகலாம். நீதிபதி பொதுவாகத் தாமே விழுக்காடு போடுவதில்லை. முடிவு சான்றுக்கு முரணானது என்று கண்டால் வாரியத்துக்கே திருப்பி அனுப்புவார். விண்ணப்பதாரர் இறந்திருந்தால் அவருடைய துணைவரோ வாரிசோ வழக்கைத் தொடரலாம்.