காரின் ஆயிலை யார் பார்ப்பது? – ஒரு டிப்ஸ்டிக்கின் வரலாறு

1910-களில் அமெரிக்காவில் ஃபோர்டு மாடல் டி கார் வைத்திருந்த ஒருவர், என்ஜினில் ஆயில் எவ்வளவு இருக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டுமானால் முதலில் சட்டையை அழுக்காக்கிக்கொள்ளத் தயாராக வேண்டும். அந்தக் காரில் டிப்ஸ்டிக் கிடையாது. ஆயில் கேஜ் கிடையாது. எச்சரிக்கை விளக்கும் கிடையாது. என்ஜினின் பின்புறம், ஃப்ளைவீல் சுழலும் கூட்டின் அடிப்பக்கத்தில், ஒன்றுக்கு மேல் ஒன்றாக இரண்டு சின்னத் திருகு குழாய்கள் மட்டும் இருந்தன. காருக்கு அடியில் தவழ்ந்து போய் மேல் குழாயைத் திறக்க வேண்டும். ஆயில் வழிந்தால் அளவு கூடுதல். வழியாவிட்டால் கீழ்க் குழாயைத் திறக்க வேண்டும். அதிலும் ஒரு சொட்டு வரவில்லை என்றால் என்ஜின் ஆபத்தில் இருக்கிறது என்று பொருள். மேலே வராமல் கீழே வந்தால், நிம்மதியாக வெளியே வந்து முகத்தைத் துடைத்துக்கொள்ளலாம்!

1908 அக்டோபரில் தொடங்கி 1927 மே வரை இந்த மாதிரிக் கார்கள் ஒன்றரைக் கோடிக்கும் மேல் தயாராயின. அத்தனை உரிமையாளர்களுக்கும் இதே தவழல்தான். (கீழே குனியாமல் குழாயைத் திறப்பதற்கென்றே நீளக் கம்பிகளைச் செய்து விற்று அன்றைய உதிரிபாக வியாபாரிகள் காசு பார்த்தார்கள்!)

இன்று பானெட்டைத் தூக்கி ஒரு கம்பியை உருவிப் பார்ப்பது இதனோடு ஒப்பிட்டால் வேலையே அல்ல. ஆனாலும் கார் வைத்திருப்பவர்களில் பலர் அதைச் செய்வதில்லை. எப்படி இந்த நிலைக்கு வந்தோம் என்பதற்கு ஒரு நீண்ட கதை இருக்கிறது.

கார் வருவதற்கு முன்பே இந்தத் தொல்லை ரயிலில் இருந்தது. நீராவி என்ஜின்களை ஆங்காங்கே நிறுத்தி, ஆள் இறங்கி, அசையும் பாகங்களுக்கு எண்ணெய் ஊற்றிய பிறகே மறுபடி கிளப்புவார்கள். அமெரிக்காவின் மிச்சிகன் சென்ட்ரல் ரயில்வேயில் அந்த வேலையைப் பார்த்தவர்களில் ஒருவர் எலைஜா மெக்காய். அடிமைத்தனத்திலிருந்து தப்பி கனடாவுக்குப் போன கறுப்பினப் பெற்றோரின் மகன். ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் இயந்திரப் பொறியியல் கற்றுத் திரும்பியவர். ஆனால் அவருடைய நிறத்துக்கு அன்று கிடைத்த வேலை, நிலக்கரி அள்ளிப் போடுவதும் எண்ணெய் விடுவதும்தான். என்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே, நீராவியின் அழுத்தத்தைக் கொண்டு தானாக எண்ணெய் கொடுக்கும் ஒரு கிண்ணத்தை அவர் வடிவமைத்து 1872-ல் காப்புரிமை பெற்றார். ஆள் நின்று பார்க்க வேண்டிய வேலையை இயந்திரத்திடமே ஒப்படைத்த ஆரம்ப முயற்சிகளில் இது ஒன்று.

அந்தக் காலத்தில் ஊற்றியது பெரும்பாலும் மிருகக் கொழுப்பும் தாவர எண்ணெயும்தான். நீராவியின் சூட்டில் அவை கெட்டுப் பிசுக்காகிவிடும். 1866-ல் ஜான் எல்லிஸ் என்ற மருத்துவர் பெட்ரோலியத்திலிருந்து மசகு எண்ணெய் எடுத்து விற்கத் தொடங்கினார். 1873-ல் அவர் பதிவு செய்த பெயர்தான் வால்வோலின். தாவர எண்ணெய் அதோடு ஒழிந்துவிடவும் இல்லை. இங்கிலாந்தில் சார்லஸ் வேக்ஃபீல்டின் நிறுவனம் 1909-ல் மோட்டார் வாகனங்களுக்காகக் கொண்டுவந்த எண்ணெயில் ஆமணக்கெண்ணெய் கலந்திருந்தது. ஆங்கிலத்தில் ஆமணக்கெண்ணெயின் பெயர் காஸ்டர் ஆயில். அதிலிருந்து பிறந்த பெயர் காஸ்ட்ரால்! நம் பாட்டிமார் குழந்தைகளுக்குக் கொடுத்த அதே விளக்கெண்ணெய்தான்.

முதல் உலகப் போர் விமானங்களின் ரோட்டரி என்ஜின்கள் முழுக்க விளக்கெண்ணெயில் ஓடின. உள்ளே போன எண்ணெய் திரும்பி வராது. புகையோடு வெளியே வீசப்பட்டுவிடும். விமானியின் முன்னால் ஒரு சின்னக் கண்ணாடிக் குமிழ் இருக்கும். அதில் எண்ணெய் துடித்துத் துடித்து எழுவது தெரிந்தால் என்ஜினுக்கு எண்ணெய் போகிறது என்று அர்த்தம். வீசப்பட்ட எண்ணெய் விமானிகளின் முகத்தில் படிந்து, மூக்கிலும் வாயிலும் போய் வயிற்றைக் கலக்கியதாகச் சொல்வார்கள். விளக்கெண்ணெயின் குணம் தெரிந்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது.

முதல் தலைமுறைக் கார்கள் பலவற்றிலும் நிலைமை ஏறத்தாழ இதுதான். ஓட்டுபவரின் எதிரே பித்தளைப் பெட்டி ஒன்றும் அதில் வரிசையாகக் கண்ணாடிக் குழல்களும் இருக்கும். ஒவ்வொரு குழலிலும் எண்ணெய் சொட்டுவது கண்ணுக்குத் தெரியும். நிமிடத்துக்கு எத்தனை சொட்டு என்று பார்த்து, திருகைக் கூட்டிக் குறைத்து வண்டியை ஓட்ட வேண்டும். ஒரு கண் சாலையில், ஒரு கண் சொட்டில்! சொட்டியதெல்லாம் எரிந்தோ ஒழுகியோ போய்விடும். ஆகவே 'அளவு' என்று பார்க்க என்ஜினுக்குள் ஒன்றும் இல்லை. ஆயிலை என்ஜினின் அடியில் ஒரு தொட்டியில் தேக்கி, அதையே திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் முறை வந்த பிறகுதான், எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்ற கேள்வியே பிறந்தது.

மாடல் டி அந்த வகையைச் சேர்ந்தது. அதில் ஆயில் பம்ப் இல்லை. சுழலும் ஃப்ளைவீல் ஆயிலை வாரி இறைக்கும். இறைத்ததில் ஒரு பங்கை ஒரு புனல் பிடித்து, மெல்லிய குழாய் வழியே என்ஜினின் முன்பக்கம் அனுப்பும். அங்கிருந்து அது பள்ளங்களை நிரப்பிக்கொண்டே பின்னால் ஓடி வரும். ஓடும் வழியில் கனெக்டிங் ராடுகள் அதில் முங்கி எழும். அவ்வளவுதான் ஏற்பாடு. எளிமைதான், ஆனால் அதில் ஒரு வில்லங்கம் இருந்தது. கியர் மாற்றும் பட்டைகளும் அதே ஆயிலில்தான் முங்கி ஓடின. அவற்றின் உள்ளே வைத்திருந்தது பருத்தித் துணி. துணி தேயத் தேய நூல் பிசிறு ஆயிலில் கலந்து, அந்த ஒரே குழாயை அடைத்துவிடும். குழாய் அடைந்தால், அடியில் ஆயில் எவ்வளவு இருந்தும் முன்பக்கத்துக்குப் போதாது. இரண்டு திருகு குழாய்களையும் ஒழுங்காகத் திறந்து பார்த்தவருக்கும் என்ஜின் கெட்டது இதனால்தான். அளவு சரியாக இருப்பது வேறு, ஆயில் போக வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேருவது வேறு. இந்த வித்தியாசம் பின்னால் இன்னொரு வடிவத்தில் திரும்பி வரும்.

மாடல் டி-க்கு அடுத்து 1927 டிசம்பரில் ஃபோர்டு அறிமுகப்படுத்திய மாடல் ஏ-வில் ஆயில் பம்பும் இருந்தது, டிப்ஸ்டிக்கும் இருந்தது. டிப்ஸ்டிக்கை ஃபோர்டு கண்டுபிடித்தது என்று சொல்லிவிட முடியாது. பாத்திரத்தில் குச்சியை விட்டு ஆழம் பார்ப்பது மனிதனுக்கு எப்போதோ தெரிந்த வித்தை. ஆனால் கோடிக்கணக்கானவர்கள் அறிந்த ஒரு பெயர் அந்த வழிக்கு வந்தபோது, காருக்கு அடியில் தவழும் காலம் முடிந்தது எனலாம்.

பார்க்க அற்பமான அந்தக் கம்பியைப் பயன்படுத்துவதிலும் ஒரு முறை உண்டு. கார் சமதளத்தில் நிற்க வேண்டும், சரிவில் நின்றால் அளவு பொய் சொல்லும். என்ஜினை நிறுத்திச் சில நிமிடம் பொறுக்க வேண்டும், மேலே ஏறிய ஆயில் வடிந்து தொட்டிக்கு வர அந்த நேரம் தேவை. முதலில் உருவியதை நம்பக் கூடாது. ஓட்டத்தில் தெறித்த ஆயில் கம்பி முழுவதும் அப்பியிருக்கும். துணியால் துடைத்து, முழுவதும் உள்ளே செருகி, மறுபடி உருவ வேண்டும். இரண்டு கோடுகளுக்கு நடுவே ஆயில் நின்றால் சரி. பல கார்களில் கீழ்க் கோட்டுக்கும் மேல் கோட்டுக்கும் இடையே ஏறத்தாழ 1 லிட்டர்தான் வித்தியாசம். (இதிலும் விதிவிலக்கு உண்டு. காற்றால் குளிரும் பழைய போர்ஷே 911-ல் ஆயில் தனித் தொட்டியில் இருப்பதால், என்ஜின் சூடாகி ஓடிக்கொண்டிருக்கும்போதே அளவு பார்க்க வேண்டும்!)

குறைந்தால்தான் கெடுதல், கூடினால் என்ன என்று நினைப்பவர்கள் உண்டு. மேல் கோட்டை அதிகம் தாண்டினால், சுழலும் கிராங்க் ஷாஃப்ட் ஆயிலில் அடித்து மோர் கடைவதுபோல நுரையாக்கிவிடும். நுரையில் இருப்பது பாதி காற்று. பேரிங்குக்குத் தேவை ஆயில் படலம், காற்று அல்ல.

பம்ப் வந்ததும் ஆயிலின் அழுத்தத்தை அளக்க முடிந்தது. ஓட்டுபவரின் எதிரே முள் வைத்த கேஜ் வந்தது. 1930-களில் அமெரிக்காவின் ஹட்சன் நிறுவனம் அந்த முள்ளையும் எடுத்துவிட்டு ஒரு சிவப்பு விளக்கை வைத்தது. மற்றவர்களும் பின்தொடர்ந்தார்கள். இதற்கு ஆங்கிலத்தில் 'முட்டாள் விளக்கு' என்றே கேலிப் பெயர் உண்டு.

கேலி நியாயமானதா? விளக்கைக் குறை சொல்ல முடியாது. அதைப் புரிந்துகொண்ட விதத்தில்தான் தவறு. எண்ணெய்க் குடுவை படம் போட்ட அந்த விளக்கைப் பார்க்கிற யாரும், ஆயில் குறைந்தால் அது எரியும் என்றுதான் நினைப்பார்கள். உண்மையில் அது சொல்வது அழுத்தத்தை, அளவை அல்ல. தொட்டியில் ஆயில் பாதியாகக் குறைந்தாலும், பம்பின் வாய் முங்கியிருக்கும்வரை அழுத்தம் சரியாகவே இருக்கும், விளக்கு எரியாது. இன்னும் குறைந்து, ஒரு வளைவில் கார் திரும்பும்போதோ பிரேக் போடும்போதோ ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கி பம்ப் காற்றை உறிஞ்சும். அப்போது ஒரு கணம் விளக்கு கண் சிமிட்டும். அது முதல் எச்சரிக்கை அல்ல, ஏறத்தாழ கடைசி எச்சரிக்கை. அடுத்த பெட்ரோல் பங்க் வரை போய்விடலாம் என்று நினைத்து ஓட்டியவர்கள், என்ஜினையே மாற்ற வேண்டி வந்த கதை எல்லா மெக்கானிக் கடைகளிலும் கிடைக்கும்.

விளக்கின் மேல் இவ்வளவு நம்பிக்கை வைத்தும் பல என்ஜின்கள் பிழைத்ததற்கு ஒரு மனிதர் காரணம். அவர் அமெரிக்கப் பெட்ரோல் பங்க் ஊழியர். பெட்ரோல் போடும்போதே பானெட்டைத் திறந்து டிப்ஸ்டிக்கை உருவிக் காட்டி, கண்ணாடியைத் துடைத்து அனுப்புவது இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அங்கே வழக்கமாக இருந்தது. வாரம் ஒரு முறை பெட்ரோல் போட்டால் வாரம் ஒரு முறை ஆயில் சோதனை இலவசம்! இதில் ஒரு தில்லுமுல்லும் உண்டு. கம்பியை முழுவதும் செருகாமல் எடுத்து, "ஆயில் குறைவாக இருக்கிறதே" என்று காட்டி ஒரு டப்பாவை விற்றுவிடுவார்கள் சிலர். என்றாலும் யாரோ ஒருவர் கம்பியைத் தொட்டுக்கொண்டிருந்தார்.

1973-ல் எண்ணெய் நெருக்கடி வந்து பெட்ரோல் விலை ஏறியதும், சில காசு குறைவாகக் கொடுத்து நாமே போட்டுக்கொள்ளும் பங்குகள் வேகமாகப் பரவின. நியூஜெர்சி 1949-லேயே இதற்குத் தடை போட்டிருந்தது. பெரும்பாலான மாநிலங்களில் தடை இல்லை, ஊழியர் காணாமல் போனார். அவர் பார்த்த பெட்ரோல் வேலையை வாடிக்கையாளர் எடுத்துக்கொண்டார். ஆயில் வேலையை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை.

இந்தியாவில் அந்த வேலை வேறொருவர் கையில் இருந்தது. 1958 முதல் 2014 வரை வங்காளத்தின் உத்தர்பாராவில் தயாரான அம்பாசடர், வயதானால் ஆயில் குடிப்பதில் பேர் பெற்றது. டாக்ஸி ஸ்டாண்டில் காலையில் வண்டியைக் கிளப்பும் முன் பானெட்டைத் தூக்கி, தோளில் கிடக்கும் துணியால் கம்பியைத் துடைத்துப் பார்ப்பது டிரைவரின் அன்றாடக் கடமை. சொந்தக் கார் வைத்திருந்த வசதியானவர்களுக்கும் பெரும்பாலும் டிரைவர் இருந்தார். முதலாளி பின் சீட்டில். கம்பி எந்தப் பக்கம் இருக்கிறது என்றே அவருக்குத் தெரியாமல் இருந்திருக்கலாம். 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தபின் நடுத்தரக் குடும்பத்தினர் தாங்களே ஓட்டத் தொடங்கினார்கள். புது என்ஜின், ஆயில் எளிதில் குறையாது. டிரைவர் போனார், அவரோடு துணியும் போனது.

2004-ல் பி.எம்.டபிள்யூ அறிமுகப்படுத்திய என்52 என்ற ஆறு சிலிண்டர் என்ஜினில் டிப்ஸ்டிக்கே இல்லை. தொட்டியில் ஒரு சென்சார் அமர்ந்து, என்ஜின் சூடாகி ஓடிய பிறகு அளவைக் கணக்கிட்டுத் திரையில் காட்டும். அழுத்தத்தை அல்ல, அளவையே காட்டுவதால் இது பழைய விளக்கைவிட நேர்மையானதுதான். சரிவு, குலுக்கல் எல்லாவற்றுக்கும் சராசரி எடுப்பதால் ஆயில் ஊற்றிய உடனே பதில் சொல்லாது. சென்சாரே கெட்டுப்போனால் கேட்டுத் தெரிந்துகொள்ள வேறு வழி இல்லை.

இது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு ஒரு எளிய கணக்கு. ஆயிரம் கிலோமீட்டருக்கு அரை லிட்டர் வரை ஆயில் குறைவது இயல்பே என்று சில நிறுவனங்களின் கையேடுகளே சொல்கின்றன. ஆயில் மாற்றச் சொல்லும் தூரம் பல கார்களில் 10,000 கிலோமீட்டர். அந்த 'இயல்பான' வேகத்தில் குறைந்தால் மாற்றும் நாள் வருவதற்குள் 5 லிட்டர் போயிருக்கும். அந்தக் கார்கள் பலவற்றின் தொட்டி கொள்வதே நாலு, ஐந்து லிட்டர்தான். மாடல் டி கையேடு 750 மைலுக்கு ஒரு முறை, அதாவது சுமார் 1200 கிலோமீட்டருக்கு ஒரு முறை ஆயிலை மாற்றச் சொன்னது. அப்போது யாராவது ஒருவர் கீழே படுத்தே தீர வேண்டியிருந்தது.

மெர்சிடிஸ் பென்ஸின் சில என்ஜின்களில் இன்னொரு விநோதம். டிப்ஸ்டிக் செருகும் குழாய் இருக்கும், உள்ளே டிப்ஸ்டிக் இருக்காது. குழாயின் வாயில் ஒரு மூடி மட்டும். சர்வீஸ் சென்டரில் மெக்கானிக் ஒரு நீளக் கோலை அதில் விட்டு எடுத்து, எத்தனை மில்லிமீட்டர் நனைந்திருக்கிறது என்று பார்த்து, அந்த என்ஜினுக்கான அட்டவணையோடு ஒப்பிடுவார். அதே மாதிரிக் கோல்கள் இணையக் கடைகளிலும் விற்பனைக்கு வந்துவிட்டன. லட்சக்கணக்கில் விலை கொடுத்துக் கார் வாங்கியவர்கள், சில நூறு ரூபாய்க்கு அந்தக் கோலையும் வாங்கி, ஒரு பழைய துணியோடு டிக்கியில் வைத்துக்கொள்கிறார்கள்.