இடுப்பில் செருகியது

ஜப்பானியக் குறுவாள் என்று நாம் சொல்வதற்கு அங்கே பெயர் வாகிசாஷி. 'வாகி' என்றால் விலாப்புறம், பக்கம். நோ நாடகத்தில் தலைமைப் பாத்திரத்துக்கு எதிரே நின்று பேச்சுக் கொடுக்கும் துணைப் பாத்திரத்துக்கும் இதுவே பெயர். 'சாசு' என்பது செருகுதல். ஆக, பக்கத்தில் செருகியது. நீளம், வடிவம் பற்றி இந்தச் சொல்லில் ஒரு தடயமும் இல்லை. தொடக்கத்தில், பெரிய வாளுக்குத் துணையாக இடுப்பில் எதைச் செருகினாலும் அது வாகிசாஷிதான்.

அளவு பின்னால் வந்தது. எடோ காலத்தில் (1603–1868) யார் எதைச் செருகலாம் என்பது அரசாங்கத்தின் கவலையாயிற்று. சாமுராய்க்கு நெட்டையும் குட்டையுமாக இரண்டு வாள். வணிகருக்குக் குட்டை மட்டும். குட்டை எது என்பதை ஷாகு கணக்கில் அளந்தார்கள்; ஒரு ஷாகு என்பது 30.3 செ.மீ. ஒரு ஷாகுவுக்குள் அடங்கினால் தாந்தோ, இரண்டைத் தொட்டால் கதானா, நடுவில் நிற்பது வாகிசாஷி. வாள் அணியும் உரிமை 1876இல் பறிபோனது. இடுப்பை விட்டு வாள் இறங்கியும் பெயர் இறங்கவில்லை. இன்றும் வாள்களை இந்த அளவுகோலை வைத்தே பிரிக்கிறார்கள்.

அதனால் பிறப்பில் வேறாக இருந்த வாளும் வாகிசாஷி ஆகலாம். நகோயாவில் உள்ள தோகுகாவா கலை அருங்காட்சியகத்தின் 'நமாசுஓ தோஷிரோ' அப்படிப்பட்டது. 13ஆம் நூற்றாண்டில் கியோத்தோவின் அவாதாகுச்சி கொல்லர் யோஷிமிட்சு அடித்தது. நீண்ட கழியில் பூட்டும் நகினாதாவாக இருந்து, பிறகு திருத்தப்பட்டது என்பார்கள். நுனி கெளுத்தி மீனின் வால் போல இருப்பதால் அந்தப் பெயர்.

1615இல் ஒசாகா கோட்டை விழுந்தபோது இந்த வாளும் தீயில் சிக்கியது. நெருப்பில் வெந்த வாள் வாளே அல்ல. விளிம்பின் தோய்ச்சல் போய்விடும், பார்வைக்கு மட்டும் வாளாக இருக்கும். கோட்டையைப் பிடித்த தோகுகாவா இயேயாசு அதை எச்சிசென் யாசுட்சுகு என்ற கொல்லரிடம் ஒப்படைத்தார். அவர் மறுபடி களிமண் பூசி, காய்ச்சி, நீரில் தோய்த்துக் கூர்விளிம்பை மீட்டார். மறுதோய்ச்சல் பட்ட வாளுக்கு வாள் ரசிகர்களிடம் மதிப்புக் குறைவுதான். இந்த வாளை மட்டும் யாரும் அப்படித் தள்ளிவிடவில்லை; அது நியாயம் என்றே நினைக்கிறேன்.

யாசுட்சுகு ஓமி நாட்டு ஷிமோசாகா கொல்லர் வழியில் வந்தவர். தன் பெயரிலிருந்து 'யாசு' என்ற எழுத்தையும், குடும்பச் சின்னமான ஆஒயி இலையை வாளில் பொறிக்கும் உரிமையையும் இயேயாசு அவருக்குக் கொடுத்தார். கொல்லரின் கையெழுத்தைக் காண மூங்கில் ஆணியைத் தட்டிப் பிடியைக் கழற்ற வேண்டும். உள்ளே துருவேறிய அடிப்பகுதியில் உளியால் வெட்டியிருக்கும். அந்தத் துருவை யாரும் தேய்ப்பதில்லை. வாளின் வயதைச் சொல்வது அதுதான். யாசுட்சுகுவின் வாள்கள் பலவற்றில் 'நன்பான் இரும்பால்' என்றும் இருக்கும். நன்பான் என்றால் தெற்கத்திக் காட்டுமிராண்டி. கப்பலில் வந்த போர்த்துக்கீசியர் முதலான ஐரோப்பியருக்கு வைத்த பெயர். கொண்டுவந்தவன் பெயர் இரும்பின் மேலும் ஒட்டிக்கொண்டது.

நமாசுஓவின் அடிப்பகுதியில் உள்ள கையெழுத்து யோஷிமிட்சுவுடையது. இன்றிருக்கும் தோய்ச்சல் யாசுட்சுகுவுடையது.