மாட்டுகிறவர்

பல வருஷங்களுக்கு முன் நண்பர் ஒருவரின் புகைப்படங்களைச் சின்ன ஊர் ஒன்றில் பள்ளிக்கூட ஹாலில் காட்சிக்கு வைத்தோம். 40 படங்கள். 12க்கு 10 அங்குல ப்ரோமைட் தாளில் இருட்டறையில் அவரே போட்ட பிரிண்டுகள். சட்டம் போடக் காசில்லை. சணல் கயிறு கட்டித் துணி கிளிப்பில் தொங்கவிட்டோம். அவற்றில் ஒரு படம்: சமையலறை ஜன்னல் திட்டில் கவிழ்த்து வைத்த பித்தளை டம்ளர், பக்கத்தில் பாதி நறுக்கிய வாழைக்காய். வேறொன்றுமில்லை. சாயங்காலம் நான் திரும்பி வந்து பார்த்தபோது அந்தப் படம், கையேந்தி நிற்கும் ஒரு கிழவிக்கும் மூக்கு ஒழுகும் ஒரு குழந்தைக்கும் நடுவே இருந்தது. அமைப்பாளர்களில் ஒருவர் இடம் மாற்றியிருக்கிறார். மேலே ஒரு அட்டை: ‘வறுமை’. மறுநாள் வந்தவர்கள் அந்தக் காலி டம்ளரைப் பார்த்து உச்சுக் கொட்டிவிட்டு நகர்ந்தார்கள். டம்ளர் கவிழ்ந்திருந்தது கழுவி வைத்ததால்தான். நண்பர் அதைச் சொல்லவில்லை. என்னையும் சொல்லவிடவில்லை.

படைத்தவனுக்கும் பார்ப்பவனுக்கும் இடையே மூன்றாவதாக ஒருவர் நிற்கிறார் என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது. படத்தை மாட்டுகிறவர். கலை வரலாறுகள் ஓவியனைப் பற்றிப் பேசுகின்றன, புரவலனைப் பற்றிப் பேசுகின்றன, சமீபகாலமாகப் பார்வையாளனைப் பற்றியும் பேசுகின்றன. மாட்டுகிறவரைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. பாத்திரத்தையும் பழத்தையும் உற்றுப்பார்ப்பதையே சாதனையாகக் கொண்டிருந்து, பிற்பாடு பிறர் படங்களை மாட்டுகிற பொறுப்பையும் ஏற்ற இருவர் எனக்குத் தெரியும். ஒருவர் 18ஆம் நூற்றாண்டுப் பாரிஸின் ஓவியர் ஷார்தான். மற்றவர் 20ஆம் நூற்றாண்டு நியூயார்க்கின் புகைப்படக்காரர் எட்வர்ட் ஸ்டைக்கன். இவர்கள் இருவருக்கும் இடையில் பார்த்தல் என்ற காரியம் எப்படி மாறிப்போயிற்று என்பதுதான் என் விஷயம்.

‘ஸ்டில் லைஃப்’ என்பதற்குத் தமிழில் திருப்தியான சொல் இல்லை. அசையாப் பொருள் ஓவியம் என்கிறோம். சொத்துப் பத்திரம் போல ஒலிக்கிறது. டச்சுக்காரர்கள் சலனமற்ற வாழ்வு என்கிற பொருளில் பெயர் வைத்தார்கள்; ஆங்கிலம் அதைத்தான் எடுத்துக்கொண்டது. பிரெஞ்சில் செத்த இயற்கை. ஒரே மேஜையை, ஒரே பழத்தட்டை, ஒரு மொழி உயிரென்றும் ஒரு மொழி பிணமென்றும் பார்த்திருக்கிறது. நமக்கு ‘ஸ்டில்’ என்றால் சினிமா ஸ்டில்தான்.

பிரெஞ்சுக்காரர்களின் அலட்சியத்துக்குச் சாத்திரமே இருந்தது. 1667இல் நடந்த ராஜாங்க அகாடமிச் சொற்பொழிவுகளுக்கு முன்னுரை எழுதிய ஃபெலிபியான் ஒரு படிவரிசை போட்டார். பழமும் பூவும் கிளிஞ்சலும் வரைபவன் கடைசிப் படி. உயிருள்ள மிருகங்களை வரைபவன் அவனுக்கு மேல். மனிதனை வரைபவன் அதற்கும் மேல். புராணமும் சரித்திரமும் வரைபவன் உச்சியில். ஓவியத்திலும் ஜாதி என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம்தான். ஆனால் இந்த வரிசை ஓவியனின் சம்பாத்தியத்தையும், அகாடமியில் அவன் எந்தப் பதவிவரை போகலாம் என்பதையும் நிர்ணயித்தது.

ழான் சிமியோன் ஷார்தான் 1699இல் பிறந்தவர், தச்சர் மகன். அப்பா ராஜாவுக்கு பில்லியர்ட்ஸ் மேஜை செய்து கொடுத்தவர். அகாடமியில் இல்லாத இளைஞர்களுக்கு வருஷத்தில் ஒரு நாள், தேவநற்கருணைத் திருவிழாவன்று, தொஃபீன் சதுக்கத்தில் இடம் கிடைக்கும். வீதிச் சுவர்களில் திருவிழாவுக்காகத் துணி கட்டியிருப்பார்கள். அதன்மேல் தங்கள் படங்களைத் தொங்கவிட்டுக்கொள்ளலாம். சில மணி நேரம்தான் காட்சி. 1728இல் ஷார்தான் அங்கே வைத்த படங்களில் ஒன்று ‘திருக்கை’. குடல் கிழிக்கப்பட்ட ஒரு திருக்கை மீன் கொக்கியில் தொங்குகிறது. அதன் வெளிறிய அடிப்பாகம் மனித முகம்போல இளிக்கிறது. இடதுபக்கம் சிப்பிகளின்மேல் கால் வைத்து மயிர் சிலிர்த்து நிற்கும் பூனை. வலதுபக்கம் ஜாடி, பாத்திரம், மேஜை விளிம்புக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கத்தி. அதே வருஷம் செப்டம்பரில் அகாடமி அவரைச் சேர்த்துக்கொண்டது: மிருகங்களும் பழங்களும் வரைவதில் வல்லவர் என்ற அடைமொழியோடு. மரியாதையும் கொடுத்தார்கள், இடம் எது என்றும் காட்டிவிட்டார்கள்.

நான் ஷார்தானின் அசல் எதையும் பார்த்ததில்லை. முதலில் பழைய புத்தகக் கடையில் வாங்கிய ஒரு புத்தகத்தின் மங்கலான கறுப்பு வெள்ளை அச்சில், பிறகு ஒரு தபாலட்டையில், இப்போது கைப்பேசித் திரையில். அவருடைய ‘செப்புத் தொட்டி’ ஒரு சாணுக்குச் சற்று அதிகமான உயரமே உள்ள மரப்பலகையில் வரைந்தது என்று வாசித்தபோது ஆச்சரியப்பட்டேன். அச்சில் அது கோயில் மாதிரி இருந்தது. முக்காலியின்மேல் குழாய் வைத்த ஒரு செப்பு அண்டா, பக்கத்தில் வாளி. எங்கள் பாட்டி வீட்டுக் கூடத்து மூலையில் புளி போட்டுத் தேய்த்து வைத்திருந்த வெந்நீர்த் தவலைக்கு இருந்த கௌரவம் அதற்கும் இருக்கிறது. அளவு தெரியாமல் பார்த்ததால் விளைந்த பிரமை இது என்றும் சொல்லலாம். படத்தின் அளவும் அது தொங்கும் உயரமும் அர்த்தத்தின் பகுதிகள். நம்மைப் போன்ற அச்சு ரசிகர்களுக்கு இவை கிடைப்பதேயில்லை.

அகாடமியின் கண்காட்சி, ‘சலோன்’, 1737லிருந்து ஒழுங்காக நடக்கத் தொடங்கி, 1751க்குப் பின் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை என்று ஆயிற்று. லூவ்ரில் சதுர ஹால், அனுமதி இலவசம், பிரபுவும் மீன்காரியும் ஒரே ஹாலில் இடித்துக்கொண்டார்கள். தரையிலிருந்து கூரை வரை சட்டத்தோடு சட்டம் ஒட்டிப் படங்கள். சேன்ட் ஓபான் என்பவர் அந்த ஹாலை வரைந்து வைத்திருக்கிறார். ஈ நுழைய இடமில்லை. அந்தச் சுவரை அடுக்கும் வேலை 1755இல் ஷார்தானிடம் வந்தது. 1774 வரை அவர்தான் செய்தார். அந்தப் பதவிக்குப் பெயர் ‘தபிஸியே’. திரைச்சீலை, மெத்தை விரிப்பு வேலைக்காரனுக்கும் அதே பெயர்தான்.

சாத்திரப்படி கடைசிப் படியில் இருந்தவர், உச்சியில் இருந்தவர்களின் பிரம்மாண்டமான சரித்திர ஓவியங்களை எங்கே ஏற்றுவது என்று தீர்மானித்தார் என்பது எனக்குத் தீராத ருசி. மேலே போனால் கண்ணுக்கு எட்டாது. ஜன்னலுக்கு எதிரே போனால் வார்னிஷ் பளபளத்து ஒன்றும் தெரியாது. கெட்டிக்காரனின் படத்துக்குப் பக்கத்தில் போனால் மானம் போகும். இந்த மூன்றாவது ஆயுதத்தை ஷார்தான் தெரிந்தே பயன்படுத்தினார் போலிருக்கிறது. மாட்டுகிற இந்த ஆசாமி பெரிய குறும்புக்காரர் என்று தீதரோ ஓரிடத்தில் எழுதுகிறார். ஆனால் அந்தக் குறும்பு விமர்சனத்தின் எல்லைக்குள் நின்றது. இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். முடிவைப் பார்ப்பவனிடம் விட்டார். அட்டை எழுதி ஒட்டவில்லை.

தீதரோ 1759லிருந்து எழுதிய சலோன் விமர்சனங்கள் அப்போது அச்சேறவில்லை. க்ரிம் என்பவர் நடத்திய கையெழுத்துப் பத்திரிகையில் நகலெடுக்கப்பட்டு, விரல்விட்டு எண்ணக்கூடிய சந்தாதாரர்களுக்குப் போயின. சந்தாதாரர்களில் ரஷ்யாவின் மகாராணி காதரீனும் உண்டு என்பது வேறு விஷயம். நம் சிறுபத்திரிகைகளுக்கு அந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. 1763இல் ஷார்தானைப் பற்றி எழுதும்போது தீதரோ சொல்வது முக்கியமானது. கிட்டே போனால் எல்லாம் குழம்பித் தட்டையாகி மறைந்துவிடுகிறது. தள்ளிப்போனால் மறுபடி எல்லாம் உருவாகிறது என்கிறார். விமர்சகன் ஒருவனின் கால்கள் முன்னும் பின்னும் நடப்பதை இந்த வாக்கியத்தில் நான் கேட்கிறேன். எவ்வளவு தூரத்தில் நிற்பது, எவ்வளவு நேரம் நிற்பது என்பதைப் பார்ப்பவனே தீர்மானிக்கிறான். நெரிசல் மிகுந்த அந்த ஹாலிலும் இந்தச் சுதந்திரம் இருந்திருக்கிறது.

புகைப்படம் அசையாப் பொருளின் வயிற்றில் பிறந்தது. காரணம் ஸ்தூலமானது: ஆரம்பகாலத் தகட்டில் ஒளி பதிய நிமிஷக்கணக்காயிற்று. டாகேர் 1837இல் எடுத்தது தன் அறை மூலையிலிருந்த சுதைப் பொம்மைகளை. மறுவருஷம் ஒரு பாரிஸ் வீதியை எடுத்தார். வண்டிகளும் ஜனங்களும் ஒருவர்கூடப் பதியவில்லை, பூட்ஸுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டு நின்ற ஒரு மனிதனைத் தவிர. நின்றவனே பதிந்தான். இங்கிலாந்தில் டால்பட் 1844க்கும் 1846க்கும் இடையே, 24 படங்களை ஒட்டித் தவணை முறையில் ஒரு புத்தகம் வெளியிட்டார். மூன்றாவது படம் அலமாரித் தட்டுகளில் பீங்கான் கோப்பைகள். கடைசிப் படம் பழக்கூடை. பீங்கானுக்கு அவர் எழுதிய குறிப்பு விசித்திரமானது: திருடன் இவற்றைக் கொண்டுபோனால் இந்தப் படத்தை நீதிமன்றத்தில் சாட்சியமாகக் காட்டலாமே என்று யோசிக்கிறார். ஷார்தானின் கோப்பையை எந்தக் கோர்ட்டும் சாட்சியாக ஏற்காது. பொருளின் படம் பொருளுக்கு அத்தாட்சியாகிற காலம் அந்தக் குறிப்பில் தொடங்குகிறது. 1859இல் பாரிஸில் ஓவியக் கண்காட்சி நடந்த அதே கட்டடத்தில் புகைப்படத்துக்கும் இடம் கொடுத்தார்கள், வாசல் மட்டும் வேறு. போதலேருக்கு அதுவே பொறுக்கவில்லை.

ஸ்டைக்கன் 1879இல் லக்ஸம்பர்க்கில் பிறந்து குழந்தையிலேயே அமெரிக்கா போனவர். முதலில் ஓவியரும் கூட. 1905இல் ஸ்டீக்லிட்ஸோடு சேர்ந்து நியூயார்க் ஐந்தாவது அவென்யூ 291ஆம் எண் கட்டடத்தில் சின்ன காலரியைத் திறந்தபோது அறைகளை அமைத்தவர் ஸ்டைக்கன். சாக்குப் போன்ற துணி போர்த்திய சுவர், ஒரே வரிசையில் படங்கள், நடுவே தாராளமான இடைவெளி. புகைப்படத்தைத் தனியாக நின்று பார்க்கலாம் என்பதைச் சுவரே சொல்லிற்று. அமெரிக்காவில் செஸானின் முதல் தனிக்காட்சி, நீர்வர்ணப் படங்கள், 1911இல் நடந்தது அந்தக் காலரியில்தான்.

முதல் உலகப் போரில் அவர் விமானத்திலிருந்து எதிரியின் நிலத்தைப் படமெடுக்கும் பிரிவில் இருந்தார். போர் முடிந்து பிரான்சில் வூலான்ஷி கிராமத்து வீட்டுக்குத் திரும்பியவர் தன் ஓவியங்களைத் தோட்டத்தில் போட்டுக் கொளுத்தினார். பிறகு ஒரு வெள்ளைக் கோப்பையையும் சாஸரையும் எடுத்துக்கொண்டு ஆயிரம் தடவை போலப் படம்பிடித்தார். வெள்ளையிலிருந்து கறுப்பு வரை எத்தனை சாயல் இருக்கிறது என்று தெரிந்துகொள்ளவாம். மூன்று பேரிக்காய்களையும் ஓர் ஆப்பிளையும் கம்பளி போர்த்திய கூடாரத்துக்குள் வைத்து 36 மணி நேரம் ஒளிபடவிட்டு எடுத்த படம் இருக்கிறது. இரவின் குளிரிலும் பகலின் வெப்பத்திலும் பழம் நூலிழை சுருங்கி விரிந்ததும் அந்தப் படத்தில் கனமாக இறங்கியிருக்கிறது. ஷார்தானுக்குப் பக்கத்தில் வைக்கத் தயங்காத படம்.

இதே மனிதர் 1955 ஜனவரியில் நியூயார்க் நவீன கலை மியூசியத்தில் ‘மனித குடும்பம்’ என்ற கண்காட்சியை வைத்தார். 68 நாடுகள், 273 புகைப்படக்காரர்கள், 503 படங்கள். எந்தப் படம் எந்த அளவில் என்பது ஸ்டைக்கனின் முடிவு. எடுத்தவன் முடிவு அல்ல. சில சிறிய அளவு, சில சுவர் அளவு. பால் ருடால்ஃப் என்ற கட்டடக் கலைஞர் அமைத்த பாதையில் படங்கள் கூரையிலிருந்து தொங்கின, கம்பங்களில் நின்றன. காதல், பிரசவம், உழைப்பு, விளையாட்டு, சாவு என்று ஜனங்கள் நடந்துபோனார்கள். தனிப் படங்களுக்குத் தலைப்பில்லை. பைபிளிலிருந்தும் பல தேசத்துப் பழமொழிகளிலிருந்தும் வாசகங்கள். கடைசிப் பகுதியில் ஓர் இருட்டறையில் ஹைட்ரஜன் குண்டு வெடிக்கும் படம். வண்ணத்தில் அது ஒன்றுதான். பதேர் பாஞ்சாலியிலிருந்து சத்யஜித் ராயின் ஒரு ஸ்டில்லும் இருந்தது. 1956இல் கண்காட்சி இந்தியாவுக்கும் வந்தது. உலகம் முழுக்க 90 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் பார்த்ததாகக் கணக்கு.

ரோலான் பார்த் பாரிஸில் பார்த்துவிட்டு எழுதிய கண்டனம் பிரசித்தம். பிறப்பும் சாவும் எங்கும் ஒன்றே என்று சொல்வதில் சரித்திரம் காணாமல் போகிறது, கொல்லப்பட்ட கறுப்புச் சிறுவன் எம்மெட் டில்லின் பெற்றோரிடம் இந்தக் குடும்பத்தைப் பற்றிக் கேளுங்கள் என்றார். பார்த் சொன்னது சரிதான். ஆனால் எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது வேறொரு சம்பவம். கண்காட்சியில் ஆரம்பத்தில், அமெரிக்காவில் கும்பலால் கட்டிவைத்துக் கொல்லப்பட்ட ஒரு கறுப்பு மனிதனின் படம் இருந்தது. சில நாட்களில் எடுத்துவிட்டார்கள். அரசியல் பயம் என்று நினைக்கத் தோன்றும், இருந்திருக்கலாம். சொல்லப்பட்ட காரணம் இது: ஜனங்கள் அந்தப் படத்தின் முன் நின்றுவிடுகிறார்கள், ஓட்டம் தடைப்படுகிறது.

ஒரு கோப்பையின் முன் ஆயிரம் தடவை நின்றவர், ஒரு பேரிக்காய்க்கு 36 மணி நேரம் கொடுத்தவர், பார்வையாளன் நிற்பதை இடைஞ்சலாகக் கருதும் ஏற்பாட்டுக்கு வந்து சேர்ந்திருக்கிறார். வஞ்சகம் என்று நான் சொல்லமாட்டேன். போரை இரண்டு தடவை பக்கத்தில் பார்த்த மனிதர். மூன்றாவது வந்துவிடக்கூடாது என்ற பதற்றம் அவருக்கு நிஜம். அந்தப் பதற்றத்துக்கு 503 படங்களும் வார்த்தைகளாயின. வாக்கியம் அவருடையது. ஒரு வார்த்தை தானாக வேறெதுவோ சொல்ல ஆரம்பித்ததும் அதை அடித்துவிட வேண்டியிருந்தது.

எங்கள் ஹாலில் ‘வறுமை’ அட்டை ஒட்டியவரும் கெட்டவரல்ல. ஊரில் ஒரு ரேஷன் கடைக்காக வருஷக்கணக்கில் அலைந்தவர். இரண்டாம் நாள் சாயங்காலம் பாத்திரக்கடை வைத்திருந்த ஒரு பெரியவர் வந்து டம்ளர் படத்தின் முன் வெகுநேரம் நின்றார். பிறகு என்னிடம், “தம்பி, இது கும்பகோணத்து வார்ப்பு. விளிம்பைப் பாருங்க” என்றார். நான் அதுவரை விளிம்பைப் பார்த்திருக்கவில்லை. நண்பரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவரும் பார்த்தார். பின்னால் வந்தவர்கள் கொஞ்சம் நகருங்க என்றார்கள்.