கண்ணாடி நாரும் கட்டடக் கலையும்

உண்டி, உடை, உறையுள் என்னும் மூன்றனுள் உறையுளின் வரலாறு, பெரும்பாலும் அதற்குக் கையாளப்பட்ட பொருள்களின் வரலாறேயாம். மண், மரம், செங்கல், கருங்கல், உருக்கு, கொங்கிறீற்று என ஒவ்வொரு பொருளும் தனக்கேற்ற வடிவினைக் கட்டடத்திற்கு அளித்துள்ளது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இவ்வரிசையில் இடம்பெற முயன்ற புதுப்பொருள் கண்ணாடி நார் கலந்த பிளாஸ்திக்கு ஆகும். அதன் எழுச்சியும் தளர்ச்சியும் மீட்சியும் ஆராய்தற்குரியன.

இரு பொருள்களைச் சேர்த்து இரண்டினும் வலியதொன்றை ஆக்குதல் புதிய எண்ணமன்று. பண்டை எகிப்தியர் களிமண்ணோடு வைக்கோலைப் பிசைந்து கல் அறுத்தனர். மண் வடிவினைத் தந்தது, வைக்கோல் வெடிப்பினைத் தடுத்தது. கண்ணாடி நார்க் கலவையின் தத்துவமும் இதுவே. கண்ணாடி எளிதில் உடைதற்குக் காரணம் அதன் மேற்பரப்பிலுள்ள நுண்ணிய கீறல்களாம். மெல்லிய நாராக இழுக்கப்படுங்கால் அக்குறைகள் அருகுதலின், அது பேரிழுவையைத் தாங்க வல்லதாகின்றது. பிசின் அந்நார்களைப் பிணைத்து, உராய்வினின்றும் காத்து, சுமையை ஒரு நாரிலிருந்து மற்றொன்றிற்குக் கடத்துகின்றது.

1932ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஓவன்ஸ்-இலினோய் நிறுவனத்தில் டேல் கிளைஸ்ட் என்னும் இளைஞர் கண்ணாடிக் கற்களை ஒட்ட முயன்றபோது, உருகிய கண்ணாடித் தாரையின்மீது அழுத்தக் காற்றுப் பாய்ந்தது. கண்ணாடி நுண்ணிய நார்களாய்ச் சிதறிற்று. தற்செயலாய்க் கிடைத்த இவ்வழி நார் உற்பத்தியை மலிவாக்கியது. 1938இல் ஓவன்ஸ்-கோர்ணிங் நிறுவனம் தோன்றியது. இரண்டாம் உலகப் போரில், வானொலி அலைகளை மறிக்காத இயல்புபற்றி, விமானங்களின் ரேடார்க் கருவிகளை மூடும் கவிகைகள் இக்கலவையால் ஆக்கப்பட்டன. போர் ஓய்ந்ததும் உற்பத்தியாளர் புதிய சந்தையைத் தேடினர். அவர் கண்ணிற்பட்டது வீடு.

1957இல் கலிபோர்னியாவின் டிஸ்னிலாந்தில் மொன்சாந்தோ நிறுவனம் 'எதிர்கால வீடு' ஒன்றை மக்கள் பார்வைக்குத் திறந்தது. மசாசூசெற்ஸ் தொழினுட்பக் கழகத்தைச் சேர்ந்த மார்வின் கூடி, ரிச்சர்ட் ஹமில்ற்றன் என்னும் கட்டடக் கலைஞர் அதனை வரைந்தனர். 16 அடிச் சதுரமான நடுப்பகுதியினின்று நான்கு சிறகுகள், கீழே தூணின்றி, நாற்றிசையும் நீண்டு நின்றன. அதன் வளைந்த வடிவம் அழகு கருதி மட்டும் அமைந்ததன்று. இக்கலவை வலியதாயினும் உருக்கினைப்போல விறைப்புடையதன்று. தட்டையான மெல்லிய பலகையாயின் எளிதில் வளையும். ஓட்டினைப்போல வளைத்து வார்க்குங்கால் வடிவமே விறைப்பினை அளிக்கின்றது. முட்டை ஓடு இதற்கு நல்ல சான்று.

அவ்வீட்டை 2 கோடிக்கு மேற்பட்டோர் கண்டனர் என்பர். 1967இல் அது மூடப்பட்டு இடிக்கப்பட்டது. ஒரே நாளில் முடியும் என எண்ணிய வேலை ஏறத்தாழ இரு வாரங்கள் நீண்டது. இடிக்கும் இரும்புக் குண்டு சுவரில் மோதி மீண்டதேயன்றிச் சுவர் உடையவில்லை. ஈற்றில் துண்டு துண்டாக்கியே அதனை அகற்றினர்.

உடைக்க இயலாத அவ்வீடு ஊர்தோறும் பரவாதது ஏன்? வலிமை ஒன்றே ஒரு பொருளுக்குக் கட்டடக் கலையில் இடம் தேடித்தராது என்பதே விடை. அமெரிக்க நாட்டில் மரம் மலிவு, தச்சரும் மலிந்திருந்தனர். மர வீட்டில் ஓர் அறை கூட்டவோ ஒரு யன்னல் திறக்கவோ எவராலும் இயலும்; வார்த்த ஓட்டில் அஃது எளிதன்று. பிசின் தீப்பற்றும் இயல்பினது. 1968இல் பின்லாந்தின் மற்றி சூரோனென் 8 மீற்றர் விட்டமுடைய 'பியூச்சுரோ' என்னும் தட்டு வடிவ வீட்டை அமைத்தார். 1973இல் எழுந்த எண்ணெய் நெருக்கடி, எண்ணெயிலிருந்து பெறப்படும் பிசினின் விலையை உயர்த்தவே, நூறு வீடுகளை எட்டுமுன் அம்முயற்சியும் நின்றது.

எனினும் பொருள் அழிந்திலது. படகு, நீர்த்தொட்டி, காற்றாலைச் சிறகு என எடைக் குறைவு வேண்டப்படும் இடங்களில் அது வேரூன்றியது. கட்டடக் கலைக்கும் அடக்கமாய் மீண்டது. 2016இல் திறக்கப்பட்ட சான் பிரான்சிஸ்கோ நவீன கலைக் காட்சியகத்தின் புதிய பகுதியில், நோர்வேயின் சினோஹெத்தா நிறுவனத்தார் 700க்கு மேற்பட்ட கலவைப் பலகைகளால் அலையலையான வெளிமுகத்தை அமைத்தனர். அங்கு சுமையைத் தாங்குவது உருக்குச் சட்டமே. கலவை போர்வையாய் மட்டும் நிற்கின்றது. எடை குறைந்தமையால் தாங்கும் உருக்கும் குறைந்தது. தனித்து ஆள முயன்று தோற்ற பொருள், துணையாய் நின்று வென்றது.

இன்னும் ஒரு வினா எஞ்சியுள்ளது. இவ்வகைப் பிசின் ஒருமுறை இறுகியபின் மீள உருகாது. மண்சுவர் மண்ணோடு சேரும், மரம் உக்கும், உருக்கு உலைக்கு மீளும். கண்ணாடி நார்க் கலவையோ பயன் தீர்ந்தபின்னும் அவ்வாறே கிடக்கின்றது. 1967இல் இரும்புக் குண்டை மீள எறிந்த அவ்வலிமை இன்று கழிவாய் நின்று வருத்துகின்றது. கட்டுதற்கு ஒரு பொருளைத் தேர்வோர், அது எவ்வாறு நிற்கும் என்பதோடு எவ்வாறு மறையும் என்பதையும் எண்ணுதல் வேண்டும் என்பதே இவ்வரலாறு உணர்த்தும் பாடமாகும்.