காவற்காரர் அறியாத வாசல்

ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் பேரணாம்பட்டிலும் மேல்விஷாரத்திலும் தோல் தொழில் தலைமுறை தலைமுறையாக நடந்து வருவதை நாம் அறிவோம். அதன் வரலாற்றை எழுதுவோர் ஆவாரம்பட்டையில் தொடங்கிக் குரோமில் முடிப்பர். ஏற்றுமதிக் கணக்கையும் சேர்த்துக்கொள்வர். ஆலையின் காவல் எவ்வாறு மாறி வந்தது என்பதை எழுதுவோர் அரியர். சிறு பொருளாகத் தோன்றினும், பாலாற்றங்கரை ஊர்களின் தண்ணீரோடு தொடர்புடைய பொருள் அது.

பட்டைக் காலத்தில் ஆலையின் நுட்பமெல்லாம் மேஸ்திரியின் விரல் நுனியில் இருந்தது. குழியிலிருந்து எடுத்த தோலைத் தொட்டுப் பார்த்தே பக்குவம் சொல்வார். அத்தகைய ஆலைக்குத் தீங்கு செய்ய நினைப்பவன் மதிலேறித்தான் குதிக்க வேண்டும். வாயிலில் ஒரு காவற்காரர், கதவில் ஒரு திண்டுக்கல் பூட்டு. அவ்வளவே போதுமானதாக இருந்தது.

1970களில் பச்சைத் தோலும் அரைப்பதத் தோலும் ஏற்றுமதியாவதை அரசு கட்டுப்படுத்தி, முடித்த தோலை ஊக்குவித்தது. இயந்திரங்கள் பெருகின. இதற்குச் சற்று முன்னர், 1960களின் இறுதியில், அமெரிக்க மோட்டார் ஆலைகளின் தேவைக்காகப் பி.எல்.சி. என்னும் சிறு கட்டுப்பாட்டுக் கணினி பிறந்திருந்தது. ரிலேக்கள் நிறைந்த அலமாரிகள் செய்த வேலையை அது ஒன்றே செய்தது. எந்தப் பம்பு எப்போது ஓட வேண்டும், எந்த வால்வு எப்போது மூட வேண்டும் என்பதை அதுவே தீர்மானிக்கும். இக்கருவிகள் தமக்குள் பேசிக்கொள்ள 1979-இல் 'மோட்பஸ்' என்றொரு மொழி வகுக்கப்பட்டது. கட்டளை வந்தால் நிறைவேற்றும் அம்மொழிக்கு, "நீர் யார்?" என்று கேட்கத் தெரியாது. வகுத்தவர்களைக் குறை கூறுவதற்கில்லை. ஆலைச் சுவருக்குள்ளேயே தொடங்கி முடியும் கம்பியில் அந்நியன் எங்கிருந்து வரப்போகிறான்?

நம் பகுதியில் இக்கருவிகளுக்குப் பெரும் பணி வந்தது கழிவுநீரின் வழியாகத்தான். 1996 ஆகஸ்டு 28-இல், வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் சேராமலும், சொந்தமாக ஒன்று அமைக்காமலும் தோல் ஆலை நடத்த இயலாது என்ற நிலை உறுதியாயிற்று. பின்னர்க் கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியே விடலாகாது என்ற விதி வந்தபோது, சவ்வுகளும் ஆவியாக்கிகளும் சேர்ந்தன. இத்தனை பம்புகளையும் அளவிகளையும் மனிதர் ஒருவர் ஓடி ஓடிப் பார்க்க முடியுமா? கணினித் திரையின் முன் ஒருவர் அமர்ந்தார்.

2014-இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், மாசு மிகுந்த 17 வகைத் தொழில்களும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களும் தொடர் அளவீட்டுக் கருவிகளைப் பொருத்தி, அவற்றின் எண்களை இணையம் வழியே வாரியத்துக்கு அனுப்ப வேண்டும் என்று பணித்தது. நல்ல நோக்கமே. ஆயினும் சுவருக்குள் கிடந்த கம்பி வெளியே வந்ததும் இத்தகைய வழிகளில்தான். காவற்காரர் அறியாத வாசல் ஒன்று திறந்தது.

அவ்வாசல் வழியே என்ன வரும் என்பதை ஆஸ்திரேலியா முன்னரே கண்டிருந்தது. 2000-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் குவீன்ஸ்லாந்தின் மரூச்சி வட்டாரத்தில் கழிவுநீர்ப் பம்புகள் காரணமின்றி நின்றன. எச்சரிக்கை மணிகள் ஒலிக்கவில்லை. முதலில் கருவிக் கோளாறு என்றே எண்ணினர். ஏறத்தாழ 8 லட்சம் லிட்டர் கழிவுநீர் பூங்காக்களிலும் ஓடைகளிலும் பாய்ந்தது. அக்கருவிகளைப் பொருத்திய நிறுவனத்தில் முன்பு வேலை பார்த்தவன், உள்ளூராட்சி மன்றத்தில் வேலை கிடைக்காத ஆத்திரத்தில், காரில் அமர்ந்து வானொலிக் கருவியாலும் மடிக்கணினியாலும் கட்டளைகள் அனுப்பி வந்தான். பூட்டை உடைத்தவனல்லன் அவன். சாவியின் அமைப்பை அறிந்தவன்.

இதை நம் ஊர்களுக்குப் பொருத்திப் பார்ப்போம். முடி நீக்கும் சுண்ணாம்பு நீரில் சல்பைடு உண்டு; குரோம் பதனிட்ட நீரில் அமிலம் உண்டு. இரண்டும் கூடினால் ஹைட்ரஜன் சல்பைடு என்னும் நச்சுவாயு எழும். ஆகவேதான் இரண்டையும் தனித்தனி வழியில் கொண்டு செல்கின்றனர். ஒரு வால்வு தவறான வேளையில் திறப்பது எத்தகைய கேடு என்பதைத் தொட்டிகளில் இறங்கும் தொழிலாளரின் குடும்பங்கள் நன்கு அறியும். 2015 ஜனவரி 31-இல் இராணிப்பேட்டை சிப்காட்டில் கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்து, அடுத்த ஆலையில் உறங்கிய தொழிலாளர் உட்பட 10 பேர் மாண்டனர். அதில் கணினிக்குப் பங்கில்லை. ஆனால் இந்நிலையங்களில் பிழையின் விலை என்ன என்பதை அது காட்டிற்று.

உலகம் விழித்தது 2010-இல். ஈரானின் நதான்ஸ் அணு நிலையத்தைக் குறிவைத்த 'ஸ்டக்ஸ்நெட்' என்னும் வைரஸ், பென் டிரைவ் வழியாகவும் பரவி, சீமென்ஸ் பி.எல்.சி.களுக்குள் நுழைந்தது. சுழலிகளைத் தாறுமாறாகச் சுழலச் செய்துகொண்டே, முன்பு பதிவு செய்த சீரான எண்களைத் திரையில் காட்டிற்று. அதுவரை ஆலைக்காரர்கள் திரையை நம்பினர். அந்நம்பிக்கை அன்றோடு போயிற்று. அவ்வைரஸ் மிகுதியாகப் பரவிய நாடுகளில் ஈரான், இந்தோனேசியாவுக்கு அடுத்து இந்தியா இருந்தது என்பதைப் பலர் கவனிக்கவில்லை.

தமிழகத்தின் முறை 2019-இல் வந்தது. கூடங்குளம் அணுமின் நிலையத்தில் வைரஸ் புகுந்ததாக அக்டோபரில் செய்தி பரவியது. நிலையம் முதலில் மறுத்தது. மறுநாள், அக்டோபர் 30 அன்று, அணுமின் கழகம் ஒப்புக்கொண்டது. செப்டம்பர் 4 அன்றே தகவல் கிடைத்தது என்றும், நிர்வாகப் பணிக்கான இணையக் கணினியொன்றே பாதிக்கப்பட்டது என்றும், உலையை இயக்கும் கட்டமைப்பு தனியே உள்ளது என்றும் கூறிற்று. அப்பிரிவினையே உலையைக் காத்தது எனலாம். பெரும் செலவில் கட்டிய நிலையத்தில் இருக்கும் அப்பிரிவினை, அலுவலகக் கணக்கும் பம்பின் கட்டுப்பாடும் ஒரே கணினியில் இருக்கும் சிறு ஆலையில் எங்ஙனம் இருக்கும்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்நியனைப் பற்றியே பேசுகிறோம்; உள்ளிருப்பவனும் எண்களைப் பொய்யாக்கலாம். அளவியின் முனையைக் கழிவுநீரிலிருந்து எடுத்து நல்ல நீர்க் குவளையில் வைப்பதற்கு எந்தக் கணினிக் கல்வியும் தேவையில்லை. ஸ்டக்ஸ்நெட் செய்ததும் அதுவே அல்லவா? திரையில் சீரான எண், ஆற்றில் வேறு. அவ்வெண்களும் ஓர் அமானிதமே. 2025 ஜனவரி 30-இல் உச்சநீதிமன்றம் பாலாற்று மாசு குறித்து மீண்டும் தீர்ப்பளித்து, இழப்பீட்டுக்கும் கண்காணிப்புக்கும் ஆணையிட்டது. எண்களின் நம்பகம் அதனால் மேலும் கனமாயிற்று.

சட்டமும் நகர்ந்திருக்கிறது. மின்சாரம், அணுசக்தி போன்ற இன்றியமையாக் கட்டமைப்புகளுக்கென 2014-இல் தனி மையம் அமைந்தது. கணினி அவசரநிலைக் குழுவாகிய 'செர்ட்-இன்' 2022 ஏப்ரல் 28-இல் விடுத்த ஆணைப்படி, இத்தகைய ஊடுருவல் தெரிய வந்த ஆறு மணி நேரத்துக்குள் அதனிடம் அறிவிக்க வேண்டும். நள்ளிரவில் பம்பு தானாக நின்றால் அறிவிக்க வேண்டிய அந்த முகவரி, சுத்திகரிப்பு நிலையத்தில் திரையின் முன் அமர்ந்திருக்கும் இரவுப் பணியாளரிடம் இருக்கிறதா என்று நிர்வாகிகளை இப்போதே கேட்டுப் பார்க்கலாம்.